புயல் அடித்த வருஷத்துப் பத்திரம்

பெரியப்பாவின் காரியம் முடிந்த மறுநாளே அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாம். அவசரக் குடுக்கை, கேட்டுவிட்டார்.

"அண்ணி, அளத்துப் பத்திரம் எங்க இருக்குது?"

பெரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்தப் பத்திரம்? எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா." உள்ளே போய்விட்டாள்.

உப்பளம் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து வாங்கியது. வடக்குப் பாத்திகள் அவர்களுக்கு, தெற்குப் பாத்திகள் எங்களுக்கு. பட்டா பெரியப்பா பேரில், கிஸ்தி கட்டியதும் அவர்தான். பத்திரம் மூத்தவர் வீட்டில் இருப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். இளையவன் அதைக் கேட்டால் அண்ணனைச் சந்தேகப்படுகிறான் என்று அர்த்தம். அதனால் பதிவு செய்த நாளோடு சரி, அப்பா அதைக் கண்ணால் பார்த்ததில்லை. இப்போது டீக்கடையில் எவனோ, பெரியப்பா மகன் மொத்த அளத்தையும் ஒரு மெட்ராஸ்காரருக்கு விலை பேசுகிறான் என்று கொளுத்திப் போட்டுவிட்டான். தெற்குப் பாத்தி போனால் எங்களுக்குக் கஞ்சிக்கு வழியில்லை.

ரிஜிஸ்டர் ஆபீசில் நகல் கிடைக்கும் என்றார்கள். எழுத்துக் கூட்டத் தெரிந்த பாவத்துக்கு அப்பாவோடு நான் அலைந்தேன். எழுபதுகளில் எங்கள் ஊருக்கு வந்த பஸ்ஸை நம்பிக் கிளம்புகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது.

"எந்த வருஷம் பதிவு பண்ணீங்க?" என்றார் கிளார்க்.

"புயல் அடிச்ச வருஷங்க."

"எந்தப் புயல்யா? உங்க ஊர்ல புயல் அடிக்காத வருஷம் எது?"

எங்களுக்கு வருஷம் என்றால் புயல்தான். கல்யாணம், சாவு, கடன் எல்லாம் அதற்கு முன், இதற்குப் பின். அப்பா சொன்ன புயலின் வருஷத்தைத் தேடச் சொல்லி மனு எழுதிக் கொடுத்தோம். அதில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா சிரித்தாள். "அந்தப் புயல் இல்ல. இவ வயித்துல இருந்தப்போ கூரை பிச்சிக்கினு போச்சே, அந்தப் புயலு." சரி, என் பள்ளிச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு போனோம். அதிலும் ஒன்றும் இல்லை. இருந்தால்தான் அதிசயம். தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொட்டவுடன் வாத்தியார் தன் இஷ்டத்துக்குப் போட்ட பிறந்த தேதி அது!

பங்குனி வெயிலில் ஆபீஸ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அப்பா மீது எரிந்து விழுந்தேன். "வாங்கினப்பவே வருஷத்தை எழுதி வச்சா கையா ஒடிஞ்சிடும்?" அவர் உப்பு அரித்த பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கே சீ என்று ஆகிவிட்டது.

கடைசியில் கிளார்க்குக்கே எங்களைப் பார்த்து அலுத்துப்போயிற்று. முன்னும் பின்னுமாக இன்னும் சில வருஷங்களுக்குச் சேர்த்து மனு போடச் சொன்னார். அகப்பட்டது. இருவர் பெயரும் இருந்தது. தெற்குப் பாகம் அப்பாவுக்கு என்றே எழுதியிருந்தது.

அப்பா பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அண்ணன் வீட்டுக்கு நடந்தார். "நாளைக்குப் போலாம்பா" என்றேன், கேட்கவில்லை. பெரியம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நகலை அவள் முன்னால் விரித்து, "படிம்மா" என்றார். படித்தேன். பெரியம்மா முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"இதுக்காப்பா இவ்ளோ நாளா அலைஞ்சே?"

"புள்ள விக்கப் போறதா பேச்சு அடிபட்டுது அண்ணி…"

"எவனோ சொன்னான், நீ நம்பிட்டே. தெக்கால பாத்தி உன்னுதுன்னு எனக்குத் தெரியாதா? அந்த வரப்புல உக்கார வச்சி உங்க ரெண்டு பேருக்கும் கூழு ஊத்தினவ நானு. பத்திரம் எங்கன்னு கேட்டியே, பாத்தி யாருதுன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

காகிதத்தை மடிக்க அப்பாவுக்கு வரவில்லை. நான் வாங்கி மடித்தேன்.

அளத்தை யாரும் விற்கவில்லை. தெற்குப் பாத்தியில் அப்பா கடைசிவரை உப்பு வாரினார். பெரியம்மா மட்டும் அதற்குப் பிறகு, சாகிறவரை, எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.