ஐந்து காப்பிக் கடைகளும் ஒரு பெஞ்சும்

காப்பிக் கடை தேர்ந்தெடுப்பதுதான் என் வேலை என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு ரத்தக் கொதிப்பு எவ்வளவு இருக்கிறது என்று விசாரிக்கிறார்கள்.

இருபத்திரண்டு வருடம் கோயமுத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றியவன் நான். மோட்டாரைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் முன் ஒரு காப்பி, பேசி முடித்ததும் ஒரு காப்பி. கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது கையில் மிஞ்சிய அனுபவம் அது ஒன்றுதான். காந்திபுரத்தில் டிராவல்ஸ் நடத்தும் நண்பன் நந்தகுமார் அதையே எனக்கு வேலையாக்கினான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு வேன் கிளம்பும். பதினான்கு பேர், பெரும்பாலும் ஐடி கம்பெனி இளைஞர்கள். ஐந்து ஊர்களில் ஐந்து கடைகளில் காப்பி குடித்துவிட்டு மாலையில் திரும்ப வேண்டும். கடைகளைத் தேர்ந்தெடுப்பதும், கூடவே போய் மைக்கில் விளக்கம் சொல்வதும் என் பொறுப்பு. மூன்று ஞாயிறு பார்ப்பதாகவும், சரிப்படாவிட்டால் நிறுத்திவிடுவதாகவும் நந்தகுமார் சொல்லியிருந்தான். என் வேலை போகுமா நிற்குமா என்பதுதான் அப்போது எனக்குக் கவலை. ஒரு கடை பிழைப்பதும் மூடுவதும் என் கையில் வந்து சேரும் என்று தெரியாது.

வெளியூரில் இறங்கி, இங்கே நல்ல காப்பி எங்கே கிடைக்கும் என்று கேட்டு அலைந்தவர்களுக்கு, கடை தேடும் கஷ்டம் புரியும்.

ஈரோட்டில் மூன்று வீடுகள்

ஈரோட்டில் மஞ்சள் மண்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன். முன்பின் தெரியாதவர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யார் வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று கேட்டார். யார் வீட்டுக்கும் இல்லை, கடையில் காப்பி குடிக்கத்தான் வந்தேன் என்றேன். அவர் முகம் சுருங்கியது. வண்டியை உதைத்துக் கிளப்பி, பின்னால் ஏறச் சொன்னார். பத்து நிமிடத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் முறுக்கும் காப்பியுமாக உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்து இன்னொருவரைக் கேட்டேன். அங்கேயும் அதே கதை. பொழுது சாய்வதற்குள் மூன்று வீடுகளில் காப்பி குடித்திருந்தேன். நோட்டில் ஒரு கடையின் பெயர்கூட ஏறவில்லை. மூன்றாவது வீட்டுக்காரரிடம், தயவுசெய்து ஒரு கடையைக் காட்டுங்கள் என்று கெஞ்சியே விட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "ஏனுங்க, எங்கூருக்கு வந்துபோட்டு நீங்க கடையில குடிச்சீங்கன்னா, அப்பறம் நாங்க எதுக்குங்க ஊட்டக் கட்டி வெச்சிருக்கறோம்?"

கரண்ட் போனால் கூட்டம்

சோமனூரில் நான் போனபோது கடை காலியாக இருந்தது. சுற்றிலும் விசைத்தறிகளின் சத்தம். கடைக்காரர் மட்டும் ஒரு குண்டான் நிறையப் பாலைக் காய்ச்சிக்கொண்டு யாருக்காகவோ காத்திருந்தார். இவ்வளவு பால் எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். சத்தம் சட்டென்று நின்றது. தெரு முழுக்க ஒரே நேரத்தில் காது திறந்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிடம் நாற்பது பேர் கடைக்கு முன்னால் நின்றார்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி தறிகள் ஓடத் தொடங்கியதும், கையிலிருந்த கிளாஸை வைத்துவிட்டு அத்தனை பேரும் போய்விட்டார்கள்.

கரண்ட் போகவேண்டும் என்று தினமும் சாமியிடம் கேட்பீர்களா என்று விளையாட்டாகக் கேட்டேன். அவருக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. "அப்பிடிக் கேக்கக் கூடாதுங்க. தறி நின்னா அவங்களுக்குக் கூலி போச்சு. நான் பாலை மட்டும் காச்சி வெச்சுக்குவேன், மத்ததை மின்சார வாரியம் பாத்துக்கும்."

எருமை சொன்ன தீர்ப்பு

அவிநாசிப் பக்கம் ஒரு கடையில் குடித்த காப்பிக்காக இரண்டு பக்கம் குறிப்பு எழுதினேன். கொட்டை வறுத்த பக்குவம், சிக்கரியின் அளவு, பித்தளை பில்டரின் வயது என்று எதையும் விடவில்லை. ஒரு மாதம் கழித்து நந்தகுமாரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் ஒரு வாய் குடித்தான். டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

கடைக்காரருக்கு எங்கள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "பொடிய மாத்தலீங்க, பில்டர மாத்தலீங்க. எருமை சினையா இருக்குது, இப்ப பாக்கெட்டுப் பால்தானுங்க. சித்திரையில கன்னு போட்டுரும், அதுக்கப்பறமா வந்து எழுதுங்க."

தை வரைக்கும்

எப்படியோ நான்கு கடைகள் தேறிவிட்டன. ஐந்தாவது, கோபிசெட்டிபாளையத்துக்கு வெளியே பழைய ரோட்டில் இருக்கும் ருக்மணி அக்காவின் கடை. பைபாஸ் வந்தபிறகு அந்த வழியாகப் பஸ் போவதில்லை. கடைக்கு முன்னால் ஒரே பெஞ்சு. காலையில் அதில் ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள், தினமும் அதே ஆறு பேர். மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஆறுமுகம் அண்ணன் எப்போதும் ஓரத்து இடம். அக்கா கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்ததும் நோட்டை மூடிவிட்டேன். அந்த ருசிக்கு முன்னால் எழுத ஒன்றும் தோன்றவில்லை.

வேன் விஷயத்தைச் சொன்னேன். அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "வந்தா நல்லதுதான் தம்பி. தை வரைக்கும் பாக்கறேன். அதுக்கும் மேல முடியாது, பில்டரக் கழுவிக் கவுத்திப்போட்டு மக ஊட்டுக்குப் போயிருவேன்."

எழுந்து நின்றவர்கள்

முதல் ஞாயிறு எட்டு மணிக்கு வேன் போய் நின்றது. பதினான்கு பேர் இறங்கினார்கள். பெஞ்சிலிருந்த ஆறு பேரும் ஒரே நேரத்தில் டம்ளரோடு எழுந்துகொண்டார்கள். உட்காருங்கள் என்று நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "ஒறம்பரை நிக்கறப்ப நாங்க உக்காந்திருந்தா நல்லாருக்குங்களா?" என்றார் ஆறுமுகம் அண்ணன். ஒறம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் விருந்தாளி. பாதிக் காப்பியைச் சுடச்சுட விழுங்கிவிட்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். இரண்டாவது ஞாயிறு, வேன் வளைவில் திரும்பும்போதே பெஞ்சு காலியாவதைப் பார்த்தேன்.

புதன்கிழமை தனியாகப் போனேன். பெஞ்சில் ஆறுமுகம் அண்ணனும் இன்னொருவரும் மட்டும் இருந்தார்கள். மற்ற நால்வரும் பைபாஸ் பேக்கரிக்குப் போகிறார்களாம். அங்கே ஃபேன் இருக்கிறது, முட்டை பப்ஸ் இருக்கிறது. கடையைக் காப்பாற்ற வந்தவன், இருந்த ஆறு பேரில் நான்கு பேரைத் துரத்திவிட்டேன். வேனைப் பிற்பாடு கொண்டுவரலாம் என்றால் ஒன்பதரைக்கெல்லாம் அக்காவிடம் டிகாக்ஷன் தீர்ந்துவிடும். அக்கா கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீங்க வாரத்துக்கு ஒருநா வாரீங்க தம்பி. அவங்க தெனமும் வந்துட்டிருந்தாங்க."

நான் உண்டாக்கிய மரபு

அன்று இரவே ஒரு யோசனை தோன்றியது. விருந்தாளிகள் தாங்களாகவே நிற்க ஆசைப்பட்டால், பெஞ்சுக்காரர்கள் எழ வேண்டியதில்லை. ஆறு பேரையும் ஞாயிறு வரச்சொல்லி, யாருக்காகவும் எழக்கூடாது என்று அக்கா மூலம் சொல்லி அனுப்பினேன். மூன்றாவது ஞாயிறு வேனில் மைக்கைப் பிடித்தேன். "நாம் போகிற கடையில் ஒரு பழைய மரபு உண்டு. வெளியே ரோட்டோரமாக நின்றுதான் காப்பி குடிப்பார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான்." எல்லோரும் கைதட்டினார்கள். இறங்கியதும் வரிசையாக ரோட்டோரத்தில் நின்று, டம்ளரைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பெஞ்சில் ஆறு பேரும் சற்றுக் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

கண்ணாடி போட்ட ஒரு பெண் ஆறுமுகம் அண்ணனிடம் போய், "அய்யா, அந்தக் காலத்துல இருந்தே இங்க நின்னுதான் குடிப்பாங்களா?" என்று ஆசையாகக் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். அவருடைய அப்பா அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை பார்த்தவர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மைக்கைப் பிடித்தபோது ஞாபகம் வரவில்லை. அவர் குரல் உயரவில்லை, மரியாதையும் குறையவில்லை. "ஆமாங்க அம்மணி. இதே ரோட்டுல, வேறொரு கடை. எங்கப்பன் வெளிய நின்னுதான் குடிச்சாரு, பெஞ்சுல உக்கார உடமாட்டாங்க. அதெல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நெனச்சிருந்தேன். டவுன்ல இன்னும் நடக்குதுங்களா?"

நகர்ந்து உட்காருதல்

பதினான்கு பேர் முன்னால், நான் சொன்னது பொய் என்று சொன்னேன். மைக் இல்லாமல் சொல்லச் சிரமமாக இருந்தது. அந்தப் பெண் டம்ளரை எடுத்துக்கொண்டு கடை வாசற்படியில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். நான்காவது ஞாயிறு நாங்கள் போனபோது பழைய பெஞ்சுக்கு எதிரே இரண்டு புதுப் பெஞ்சுகள் கிடந்தன. கேபிள் சுற்றி வரும் மர உருளைகளைப் பிரித்து ஆறுமுகம் அண்ணனே அடித்தவை. நான்காவது ஞாயிறு என்று ஒன்று வந்ததே அந்தப் பெண்ணால்தான். அலுவலகத்தில் சொல்லி அவளே ஒரு வேன் ஆட்களைச் சேர்த்திருந்தாள்.

தை போய் மாசியும் வந்துவிட்டது. பில்டர் கவிழவில்லை. பேக்கரிக்குப் போனவர்களில் மூன்று பேர் திரும்பிவிட்டார்கள், ஒருவர் மட்டும் முட்டை பப்ஸோடு தங்கிவிட்டார். அந்த நான்காவது ஞாயிறன்றும் வேனைப் பார்த்ததும் ஆறுமுகம் அண்ணன் பழக்கதோஷத்தில் பாதி எழுந்தார். உள்ளேயிருந்து ருக்மணி அக்காவின் சத்தம் கேட்டது. "உக்காருங்கண்ணா. நாலு வாரமா வாராங்க, இனி அவங்க ஒறம்பரையில்ல. சித்த நகந்து எடத்தக் குடுங்க, போதும்."

ஐந்து கடைகளைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு நாக்கு போதுமாக இருந்தது, அதில் ஒரு கடையில் ஒழுங்காக உட்காரத் தெரிந்துகொள்ளத்தான் நாலு ஞாயிறு ஆயிற்று.