இத்தா அறை

அபூசாலி மவுத்தான அன்று ஹவ்வா அழுதாள். பொய்யழுகை இல்லை. குமராக இருந்தபோதே கைப்பிடித்த மனிசன். கனமூலைச் சந்தியில் அவர் வைத்திருந்த தேத்தண்ணிக் கடைக்கு, சுபஹுக்கு முன்னெழும்பி இடியப்பம் அவித்தே அவளுடைய வயது போயிருந்தது. யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து வந்து தங்கிய சொந்தங்கள், பிறகு மருமகள், பேரப்பிள்ளைகள் என்று வீடு எப்போதும் நிறைந்தே கிடந்தது.

கணவன் இறந்தவள் வெளியே போகாமல், பிற ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய இத்தாக் காலத்துக்குப் பின்னறையை ஒழித்துக் கொடுத்தார்கள். வாசலில் சீலை கட்டினார்கள். முதலில் பெண்கள் வந்து பக்கத்திலிருந்து அழுதார்கள். போகப்போக வரத்துக் குறைந்தது.

ஒருநாள் சுபஹுத் தொழுதுவிட்டுச் சரிந்தவள், வெயில் ஏறிய பிறகுதான் விழித்தாள். யாரும் கூப்பிடவில்லை. மருமகள் ஜெஸீமா சீலைக்குள்ளால் நீட்டிய தேத்தண்ணியைச் சூடாறுமுன்னே குடித்து முடித்தாள். யன்னலுக்கு வெளியே முருங்கையில் அணில்கள் சண்டை பிடித்தன. மதியம் ளுஹருக்குப் பாங்கு சொல்லும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வந்த நாட்களும் அப்படித்தான். 'பாவம், தனியக் கிடக்கிறா' என்று வெளியே பேசியது கேட்கும்போது வெட்கமாக இருந்தது; உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். அதற்காக, மவுத்தானவரிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

இத்தா முடிந்ததும் மகன் மஸாஹிர் வந்து சீலையை அவிழ்த்தான்.

"உம்மா, நாளையிலிரிந்து கடைக்கு இடியப்பம் வேணும். வெளிய வாங்கிறத ஆக்கள் தொடுறாங்க இல்ல."

"அவிச்சுத் தாறன் மகன். இந்த அறைய மட்டும் எனக்கு உட்டுருங்க."

"தனிய இரிந்து என்ன செய்யப் போறீங்க?"

"ஒண்டும் இல்ல. சும்மா இரிக்கத்தான்."

மஸாஹிர் மனைவியைப் பார்த்தான். தனியாகக் கிடந்ததில் உம்மாவுக்கு ஏதோ பிடித்துக்கொண்டது என்று அன்று பின்னேரமே வீட்டில் முடிவாகிவிட்டது. அறைக்குள் கடையின் மா மூட்டைகளை அடுக்கினார்கள். இனி அவளைத் தனியாக விடவே கூடாதென்று, பேரப்பிள்ளைகளின் நடுவில் பாயை விரித்தார்கள். எல்லாம் அன்பில்தான். அன்போடு யார் சண்டை பிடிப்பது?

பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதி வாங்கிய தண்ணீரை ஜெஸீமா கொண்டுவந்தாள்.

"குடிங்க மாமி, சொகமாப் போகும்."

ஹவ்வா ஒரே மடக்கில் குடித்தாள்.

"ஓம், சொகமாப் போச்சு" என்றாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மா வறுக்கப் போனாள்.