கொல்லையில் பதித்த இன்டர்லாக்

கரமனையில் எங்கள் தெரு ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. எங்கள் வீட்டை அடுத்து, ஒரு முழம் பள்ளத்தில், முறுக்கு மாமியின் வீடு. கல்யாணங்களுக்கு முறுக்கு சுற்றிக் கொடுப்பவர். எனக்கு யாரிடமும் பேசக் கூச்சம். அவரிடம் கொஞ்சம் அதிகம்.

கொல்லையில் சேறு மிதிபடக் கூடாது என்று போன மாதம் தரை முழுக்க இன்டர்லாக் கல் பதித்தேன். நிறம் மனைவியின் தேர்வு. மழைக்கு முன் தென்னை மூட்டைச் சுற்றி வட்டமாகப் பள்ளம் பறித்து, தண்ணீர் இறங்கத் தடம் திறந்துவிடுவது இங்கே வழக்கம். அந்தத் தடத்தையும் மூடி, மரத்தை ஒட்டிக் கல்லை அழகாக வெட்டிப் பொருத்தியிருந்தேன்.

ஐப்பசி பிறந்து, துலா மாதத்தின் முதல் பெருமழை. கொல்லையில் ஒரு சொட்டு தங்கவில்லை, எல்லாம் மதிலடி ஓட்டை வழியே கீழே ஓடிவிட்டது. திருப்தியோடு நின்றபோது மதிலுக்கு மேல் மாமியின் தலை தெரிந்தது.

"ஏண்டா அம்பி, கரமனையாத்தை எங்காத்து அடுக்களை வழியா திருப்பிவிட்டிருக்கியே, கலெக்டர்கிட்ட அனுமதி வாங்கினியா?"

"இல்லை மாமி..."

"நாளன்னிக்கு ஐநூறு முறுக்கு கொடுக்கணும். மாவு கட்டில் மேல ஒக்காந்திருக்கு, நான் தண்ணில நிக்கறேன். நாளைக்கும் வந்தா மாவை உன் தலைலதான் பிசைவேன், கேட்டியா?"

பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போதுதான் மண்டையில் ஏறியது. கிழக்கே மலையில் காடு மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல ஆற்றுக்கு விடுகிறது. நாங்களோ ஆளுக்கொரு கொல்லையாக மூடி, பெய்ததை ஒரே ஓட்டமாக விரட்டுகிறோம். ஆறு திடீரென்று படித்துறை ஏறுகிறது. பங்குனியில் கிணறு வற்றி வாளி தரை தட்டுகிறது.

மறுநாள் காலை கடப்பாரையை எடுத்தேன்.

"அந்தச் சிவப்புக் கல்லைத் தொடாதீங்கோ," என்றாள் மனைவி. எல்லாமே சிவப்புதான்.

தென்னையைச் சுற்றி நாலு வரிசை பெயர்த்துத் தடம் வெட்டினேன். மாமியின் மதிலோரம் இடுப்பளவு குழியும் தோண்டினேன். மூன்று மணிக்கு இடி இடித்தது.

தண்ணீர் தடத்தில் விழுந்து சுழன்றது, பிறகு குழிக்குப் போனது. எங்களுக்கு மேலே மேட்டில் இருக்கும் வீட்டு மதிலின் அடி ஓட்டை வழியாகவும் வேகமாக வந்தது. குழி நிரம்ப நாலு விரல் இருக்கும்போது மழை விட்டது.

"உள்ள வரலைடா அம்பி!" என்று மாமி எட்டிப் பார்த்தார். "ஆனா குழி நெரம்பப் பாத்துதே. மேலாத்துக்காராளும் கல்லு பதிச்சுட்டா போலிருக்கு. நீயே போய் அவாளையும் தடம் வெட்டச் சொல்லிடு."

மழைவெள்ளம் மண்ணில் இறங்கும்வரை காத்திருந்து கடப்பாரையை மறுபடி எடுத்தேன். அங்கே போய்ச் சொல்வதைவிடக் குழியை இன்னும் இரண்டடி ஆழமாக்குவது எனக்கு எளிது.