ஊர் மாறி வருகிறவர்கள்

பெரம்பலூரில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அரியலூர்ப் பக்கத்துக்காரர்கள். பெரம்பலூர்க்காரர்கள் அரியலூருக்குப் போய்விடுவார்கள். சொந்த ஊரில் இந்தப் படியேறினால் பைத்தியம் என்று பேர் வந்துவிடுமாம். நல்ல கூத்து.

என் மேஜைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் படம் மாட்டியிருக்கிறேன். நூறு வருடத்துக்கு முன், மனசின் நோயைப் பேசியே ஆற்றலாம் என்று ஐரோப்பாவில் கிளம்பியவர்களில் ஒருத்தி. மனநோயாளியாக ஆஸ்பத்திரிக்குப் போய், தேறி, டாக்டராகி, யாரும் யோசிக்காததை யோசித்து எழுதியவள். அவளுடைய ஆசான்கள் பாடப்புத்தகம் முழுக்க இருக்கிறார்கள். அவள் அடிக்குறிப்பில் கிடக்கிறாள். படிக்கிற காலத்தில் வந்த அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. வருகிறவர்களோ, "வெள்ளைக்காரச் சாமிங்களா மேடம்?" என்பார்கள்.

அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூர்ப் பக்கமிருந்து ஓர் அம்மா, காலேஜில் படிக்கும் மகளைக் கூட்டி வந்துகொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்குச் சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் நின்று போயிருந்தது. உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். படத்திலிருப்பவளின் கதையைச் சொன்ன அன்றுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

அதற்குப் பிறகு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தாள். எனக்கும் நம்பிக்கை வந்தது.

போன மாதம் என் அறைக்கு வெளியே பெஞ்சில் அவர்கள் தெருக்காரத் தம்பதி ஒன்று உட்கார்ந்திருந்தது. "கண்ணு காட்ட வந்தோம்," என்றார் அந்த மனுஷி. "நாங்களும் கண்ணுக்குத்தான்," என்றார் இந்த அம்மா. உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார்.

"இனிமே வரலைங்க மேடம். தெருக்காரங்க பாத்துட்டாங்க. நாளைக்கு இவள யாரு கட்டிக்குவா?"

"அவங்களும் இங்கதானம்மா வந்திருக்காங்க. வெளிய எப்படிச் சொல்லுவாங்க?"

"அவங்க வூட்டுல கட்டிக்குடுக்கப் பொண்ணு இல்லைங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உங்க பொண்ணு இருந்தாத்தானேம்மா கல்யாணம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகளின் கையை மட்டும் விடவில்லை.

வாசலில் அந்தப் பெண் நின்று படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"மேடம், இவங்கள வைத்தியத்துக்கு எந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போனாங்க?"

"வேற தேசத்துக்கும்மா."

"அதான். தெருக்காரங்க யாரும் பாத்திருக்க மாட்டாங்க."