பட்டு செக்‌ஷனும் என் இடது தோளும்

தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பட்டு செக்‌ஷனில் உட்கார்ந்தே என் காலம் போனது. இப்போது சேல்ஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று, என் தோள்வலிக் கதையை எழுதுகிறேன்.

1. கை நழுவிய கூறை

எழுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாசம். எங்கள் கடையில் அப்போது ஒரு கண்டிஷன் உண்டு. பில் போடுகிற வரைக்கும் பட்டு கஸ்டமர் தோளில் படக்கூடாது, எண்ணெய்க்கறை ஆகிவிடும். அதனால் நாங்களே எழுந்து நின்று, முந்தியை எங்கள் இடது தோளில் போட்டுக் காட்டுவோம். மீசை வைத்த ஆள் அரக்குப் பட்டைத் தோளில் போட்டு நிற்பது இன்று சிரிப்பாக இருக்கும். எனக்கு அது அம்பாளுக்குப் புடவை சாத்துகிற மாதிரி. மந்தைவெளியில் வீட்டுப் பக்கத்துக் கோயிலில் தினமும் அவளைக் கும்பிட்டுவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவேன்.

அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டார் கூறைப்புடவை தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கடைசியாக ஒரு தரம் முந்தியைக் காட்டச் சொன்னார்கள். தூக்கினேன். பல மாசமாகக் கூடவே இருந்த வலி, கழுத்திலிருந்து முழங்கை வரைக்கும் சுளீர் என்று இழுத்தது. புடவை கை நழுவித் தரையில் விழுந்தது.

பெண்ணின் அம்மா எழுந்துவிட்டார். "கூறை கீழ விழுந்துடுச்சு. இது வேணாங்க. இந்தக் கடையே வேணாம்."

மொதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கூட்டம் கலைந்த பிறகு கூப்பிட்டார். "ஏம்டே, தோளு இன்னும் சரியாகலியா?"

"லேசாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றேன், சிரித்துக்கொண்டே.

"லேசா இருந்தா கூறை கீழ விழுமாடே? மார்கழி முச்சூடும் யாவாரம் மந்தம்தான். அதுக்குள்ள சரி பண்ணு. தை பொறந்தும் இப்படியே இருந்தேன்னா, குடோன்ல டேக் கட்டப் போயிரு. ராசி பாக்குற தொழில் இது."

குடோனில் சம்பளம் குறையாது. ஆனால் அங்கே ஜன்னல் கிடையாது, கல்யாணப் பெண் முகமும் கிடையாது.

2. மயக்க டாக்டர்

நான் பார்க்காத வைத்தியமில்லை. தைலம், பிளாஸ்திரி, சைதாப்பேட்டையில் சுளுக்கு வழிப்பவர், வேப்பிலை மந்திரிப்பு. ஒரு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா இருக்கே. நீங்களும் சிரிச்சிக்கிட்டேதான வலிக்குதுன்னு சொல்றீங்க" என்று வைட்டமின் எழுதிக் கொடுத்தார்.

அடையாறில் நாள்பட்ட வலிக்கென்றே ஒருவர் பார்க்கிறார் என்று எங்கள் கணக்கர் சொன்னார். ஆபரேஷன் தியேட்டரில் மயக்கம் கொடுக்கிற டாக்டராம், சாயங்காலம் வலி கிளினிக் வைத்திருக்கிறாராம். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"மயக்கம் குடுக்கறவருகிட்டயா போவீங்க? தூங்கிட்டா வலி தெரியாது, அம்புட்டுதான். முழிச்சா?"

நெற்றியில் விபூதி பூசி அனுப்பி வைத்தாள்.

டாக்டர் கண்ணாடி போட்ட நிதானமான மனிதர். எங்கே வலி, எப்போது வலி, எப்படி வலி என்று கேட்டுக்கொண்டே போனார். நான் எல்லாவற்றுக்கும் "பரவாயில்ல சார், கொஞ்சம்தான் சார்" என்றேன். தோளை அமுக்கினார். அப்போதும் சிரித்தேன்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். அவர் பேனாவை மூடினார். "சரி, எனக்கு ஒரு பட்டுப்புடவை காட்டுங்க."

நர்ஸம்மா பரிசோதனைக் கட்டிலில் இருந்த பச்சை விரிப்பை உருவி என் கையில் கொடுத்துவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எனக்குக் கூச்சம். ஆனால் துணி கையில் வந்தால் வாய் சும்மா இருக்காது.

"வாங்கம்மா. இது பாருங்க, கிளிப்பச்சை, ரெட்டைப்பேட்டு, ரெண்டு பக்கமும் பார்டர்."

"இன்னாப்பா, பார்டரே காணும்?" என்றார் நர்ஸம்மா.

"பார்டர் இல்லாததுதாம்மா இப்ப ஃபேஷன்."

"முந்தி எப்டி கீது, காட்டு."

விரிப்பை உதறித் தோளில் போட்டேன்.

"அப்டியே நில்லுங்க" என்றார் டாக்டர். பின்னால் வந்து, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்தார். ஐயோ என்று கத்திவிட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இதுதான் எனக்கு வேணும்" என்றார் டாக்டர். "உங்க முகம் கடைக்காரர் முகம். அதை வெச்சு நான் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. தசையில முடிச்சு விழுந்திருக்கு. ஒரே பக்கமா கையை வீசிவீசி வந்தது. எக்ஸ்ரேல தெரியாது."

அந்த இடத்திலேயே ஊசி போட்டார். மயக்கமெல்லாம் வரவில்லை. சுவரில் விரலால் ஏறுகிற பயிற்சியும் வெந்நீர் ஒத்தடமும் சொன்னார்.

"முழுசாப் போயிடுமா சார்?"

"பொய் சொல்ல மாட்டேன். வலி கொஞ்சம் வரும், போகும். அதை வெச்சுக்கிட்டே நீங்க வேலை செய்யலாம். ஆனா இந்தத் தோள்ல புடவை போடறதை நிறுத்தணும்."

ஊசி வலித்ததைவிட அது வலித்தது.

3. கண்ணாடி

மார்கழி முழுக்க அம்பாள் சந்நிதியில் அதே கேள்விதான். தோளில் போடாமல் எப்படி விற்பேன்? ஒருநாள் அலங்காரம் முடிந்து திரை விலகியது. புடவை கட்டியிருந்தவள் அவள். சாத்திய குருக்களை யாரும் பார்க்கவில்லை.

தை பிறந்ததும் மொதலாளியிடம் போனேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, வலி நெசமாவே நிறைய இருந்துச்சு. இப்ப பாதி குறைஞ்சிருக்கு. இனிமே என் தோள்ல போட முடியாது. கஸ்டமர் தோள்ல போட்டுப் பாக்கட்டும். அடியில ஒரு வெள்ளைத் துண்டு போட்டுடலாம், கறை படாது. ஒரு ஆளுயரக் கண்ணாடி மட்டும் வாங்கிக் குடுங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். "இம்புட்டு வலிய வெச்சிக்கிட்டா பல்லக் காட்டிட்டு இருந்த? மொதல்லயே சொல்றதுக்கு என்னடே? ஒரு முகூர்த்தம் பாப்போம். துண்டு வெளுப்பா இருக்கணும்."

கண்ணாடி வந்தது. கல்யாணப் பெண்கள் தங்கள் தோளில் பட்டைப் பார்த்ததும், அடுத்த புடவை கேட்கவே மறந்தார்கள். குடோன் பேச்சை மொதலாளி அப்புறம் எடுக்கவில்லை.

சித்திரையில் நர்ஸம்மா மகள் கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வந்தார். "பார்டர் இருக்கறதா காட்டுப்பா" என்றார். நிறையவே காட்டினேன். கிளம்பும்போது கேட்டார், "தோளு எப்டி கீது?"

"ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கு."

"சிரிக்காம சொல்லு."

முகத்தைச் சரிசெய்துகொண்டேன். "சாயங்காலமானா வலிக்குதும்மா. ஒத்தடம் குடுத்தா அடங்கிடுது."

"அப்டி சொல்லு. டாக்டராண்ட சொல்றேன்."

பிள்ளைகளே, கஸ்டமர் முன்னால் சிரித்த முகம் வேண்டும், அதுதான் நம் சோறு. டாக்டர் முன்னால் உட்காரும்போது அதைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது அங்கேயேதான் இருக்கும்.