மாயக்காள் ஒதுக்கிய மாத்திரைகள்

1979இல் முத்திருளனின் கைநடுக்கம் முற்றியது. சோறு வாய்க்குப் போவதற்குள் பாதி மடியில் சிந்தியது. மதுரையில் நடுக்குவாதத்தை ஆராய்ந்துகொண்டிருந்த டாக்டர் ஒருவர் அவரைத் தம் நோயாளிகளோடு சேர்த்துக்கொண்டார். ஆராய்ச்சிக்கு டெல்லியிலிருந்து மூன்று வருடத்துக்குப் பணம் வந்திருந்தது. அதில் வாங்கிய சீமை மாத்திரை தினம் மூன்று, இலவசம். பதிலுக்கு மாதம் ஒருமுறை ஒரு முழுநாள் சிறுநீரைப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மாத்திரைக்குத் தக்கபடி அதில் ஒரு பொருள் ஏறினால், அதைக் கொண்டே நோயை அளந்துவிடலாம் என்பது டாக்டரின் நம்பிக்கை.

முத்திருளனின் மனைவி மாயக்காள்தான் திருப்பரங்குன்றத்தில் கேனோடு பஸ் ஏறுவாள்.

“என்னக்கா, பதனியா? ஒரு கிளாஸ் ஊத்துறது” என்பார் கண்டக்டர்.

“ஒங்க அண்ணன் எறக்குனதுதான். கிளாஸக் கொண்டா.”

மூடியைத் திருகியதும் கண்டக்டர் முன்படிக்குப் போய்விடுவார்.

இரண்டே மாதத்தில் முத்திருளன் தானே வேட்டி கட்டினார். வரப்பில் நடந்தார். மறுவருடம் மகள் அன்னக்கொடிக்கு இடம் அமைந்தது. பார்க்க வந்த சம்பந்தியம்மாள், மிச்சமிருந்த நடுக்கத்தைக் கண்டு, “அண்ணே கையி என்ன, தாளம் போடுது?” என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனாள். சபை நடுவே வெற்றிலைத் தட்டு மாற்றும்போது அது நழுவினால் பெண்ணுக்கு ஆகாது என்பார்கள். மாயக்காளுக்கு அந்தத் தட்டே கண்ணில் நின்றது.

விதைநெல்லை ஒதுக்குவதுபோல் மாத்திரையை ஒதுக்கினாள். தினம் இரண்டு கொடுத்தாள். கை சற்று நிதானமாக இருந்த நாளில் ஒன்று. மிச்சம் கடுகு டப்பாவுக்குப் போனது. சேர்த்து வைத்து ஒரேயடியாகக் கொடுத்தால் அன்று கை கல்லாக நிற்கும் என்று நம்பினாள்.

“மாத்திரை ஒழுங்கா குடுக்குறீங்களாம்மா?” என்று ஒவ்வொரு மாதமும் பரிசோதனைக்கூடத்துப் பசுபதி கேட்பார்.

“மூணு வேளையும் குடுக்குறேன் சாமி.”

உண்மையைச் சொன்னால் பேரை அடித்துவிடுவார்களோ என்று பயம்.

கல்யாணத்தன்று காலையில் நான்கு மாத்திரை கொடுத்தாள். தட்டு நழுவவில்லை. மதியம் பந்தலுக்குப் பின்னால் அவர் வாந்தியெடுத்துச் சுருண்டார். கழுத்து முறுக்கிக்கொண்டது. பித்தம் என்று எல்லாரிடமும் சொன்னாள். கல்யாணம் முடிந்த பிறகும் மாத்திரை ஒதுக்கும் பழக்கம் போகவில்லை; அடுத்து வளைகாப்பு வரும்.

1982இல் ஒருநாள் கேனோடு போனபோது பசுபதி அதை வாங்கவில்லை.

“மூணு வருசம் முடிஞ்சுச்சு, இனிமே பணம் தரமாட்டோம்னு டெல்லியில எழுதிட்டாங்கம்மா. மாத்திரையும் கெடையாது.”

“ஏன் சாமி?”

“எட்டுப் பேர்ல அஞ்சு பேருக்கு அளவு ஒரு மாசம் ஏறுது, ஒரு மாசம் எறங்குது. மாத்திரைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைங்குறாங்க.”

மாயக்காள் கேனைக் கீழே வைத்தாள். ஒதுக்கியதையெல்லாம் சொன்னாள். பசுபதி கணக்கு நோட்டை மூடினார்.

“இங்க வைத்தியத்துக்கு வர்ற கல்லுப்பட்டிக்காரரும் நெல்லறுப்புக்குன்னு மாத்திரைய எடுத்து வச்சாராம். இப்பத்தான் ஒவ்வொருத்தரா வாயத் தொறக்குறீங்க.”

டாக்டர் டெல்லிக்கு விளக்கி எழுதினார். அங்கிருந்து பதில் வரவில்லை.

டப்பாவிலிருந்தது இரண்டு வாரம் வந்தது. மழைக்காலத்துக்குள் முத்திருளன் கட்டிலோடு கட்டையாகிவிட்டார். மாயக்காள் மாத்திரை ஒதுக்கியது அவருக்குத் தெரியாது. “பாதியில விட்டுட்டானுகளே டெல்லிக்காரனுக, நாசமாப் போவானுக” என்று நாள் முழுக்கத் திட்டுவார். பிறகு குரலும் இறங்கியது. அவர் உதடு அசைந்தால் மாயக்காள் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு, குனிந்து காதைக் கொடுப்பாள். டெல்லிக்காரர்களைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்.

“ஆமா, அவனுக வெளங்கமாட்டானுக” என்பாள்.