அப்பாவின் ‘போ’வும் மதாமின் ‘பியோ’வும்

விமானத்தில் வந்த அட்டைப்பெட்டிகளைச் சனிக்கிழமை காலையில் கத்தியால் கிழித்ததும், நனைந்த காகித மணமும் முருங்கையிலையின் பச்சை வாசனையும் சேர்ந்து, லா சப்பல் கடைத்தெருவில் அப்பா நடத்திய ‘மரக்கறிக் கடை’ முழுவதையும் நிறைத்துவிடும். அப்பாவின் பிரெஞ்சு வணக்கம் சொல்லவும் விலை சொல்லவும் மட்டுமே போதும் என்பதால், மிச்சத்துக்கு நான் நிற்பேன். வாடியதை நல்லது என்று சொல்லி அவர் விற்றதே இல்லை. “இது நேற்றையான், நாளைக்கு வாங்கோ” என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, “யாவாரம் தெரியாத மனிசன்” என்று அம்மாவிடம் பேச்சு வாங்குவார்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, துணிப்பையோடு ஒரு வெள்ளைக்கார மதாம் அந்தக் கடைக்கு வந்து, முருங்கையிலையைத் தொட்டுப் பார்த்து, “செ பியோ?” என்று கேட்டார். இரசாயனம் போடாமல் விளைந்ததற்குப் பிரெஞ்சில் ‘பியோ’, அழகானதற்கு ‘போ’. அப்பாவின் காதில் இரண்டாவதுதான் விழுந்தது. இலை அழகாக இருக்கிறதா என்று கேட்கிறார் என்று நினைத்து, முகம் மலர, “வுய் மதாம், திரே போ!” என்றார். மிக அழகு என்று அவர் சொன்னது மதாமுக்கு எப்படிக் கேட்டதோ, இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு போனார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மதாம் வாராவாரம் வந்தார், தோழிகளையும் கூட்டி வந்தார். “உங்கடை வெள்ளைக்காரி வாறா அண்ணை” என்று பக்கத்துக் கடைக்காரர் பகிடி பண்ண, அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் குறைந்துவிடக்கூடாது என்று, பூமியைக் காப்பாற்றுவோம் என்று பள்ளிக்கூடத்தில் சுவரொட்டி வரைந்த அதே பச்சை மையால், ஓர் அட்டையில் பிரெஞ்சில் ‘பியோ’ என்று எழுதி, இலைப் படம் ஒன்றும் கீறி, முருங்கையிலைக் கட்டுகளின் நடுவே குத்திவைத்தேன்.

“என்ன பிள்ளை எழுதியிருக்கிறாய்?”

“வடிவான இலை எண்டு, அப்பா.”

கடல் தாண்டிப் பறந்து வந்த இலை பூமிக்கு என்ன நன்மை செய்யும் என்று வாங்கியவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. அட்டை பச்சையாக இருந்தது, அது போதும் அவர்களுக்கு. நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, அவர்கள் மேலும் என் மேலும்.

ஒரு நாள் மதாம் சான்றிதழைக் கேட்டார். ‘செர்திபிகா’ என்ற சொல் மட்டும் பிடிபட்ட அப்பா, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்த கடைப் பதிவுப் பத்திரத்தைக் கழற்றி வந்து இரண்டு கையாலும் நீட்டினார். மதாம் அதை வாசித்தார். இலைக்கட்டைத் திரும்ப வைத்துவிட்டு, இத்தனை மாதமும் என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போனார்.

“என்னவாம் பிள்ளை?”

“அவ வீடு மாறிப் போறாவாம்.”

“ஐயோ, நல்ல மனிசி” என்றார் அப்பா. அன்றைக்கே அட்டையைக் கிழித்து எறிந்தேன்.

இப்போது அந்த இடத்தில் கைபேசி திருத்துகிறார்கள். நாங்கள் லெ பிளாங்-மெனில் என்ற புறநகருக்கு வந்து வருஷங்களாகிவிட்டன. போன மாதம் இங்குள்ள பேரங்காடியில், பச்சைநிற பிளாஸ்டிக் உறைக்குள் முருங்கையிலைத் தூள் அடுக்கியிருந்தது. அதன் மேல் இலைப் படமும் ‘பியோ’ முத்திரையும் இருந்தன. ஒரு தாள் கையில் இருந்தால் விமானமும் பிளாஸ்டிக்கும்கூடப் பச்சையாகிவிடும் என்று கோபத்தில் நான் முணுமுணுத்தபோது, அப்பா ஓர் உறையை எடுத்து முத்திரையில் விரலை வைத்தார்.

“இது நீ எழுதின சொல்லெல்லோ? வடிவு எண்டுதானே?”

அந்த அடுக்குகளுக்கு நடுவில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கோபிக்கவில்லை. உறையை இருந்த இடத்தில் வைத்தார்.

“அப்ப அந்த மனிசி என்னைக் கள்ளன் எண்டு நினைச்சுக்கொண்டோ போனவ?”

“ஓம் அப்பா” என்றேன்.